கட்டை விரல் சொன்ன செய்தி

(ஆண்டின் பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 5:1-11. வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்.)



சிவகிரியில் பங்குத்தந்தையாக இருக்கும் ஒருவன் ஆழ்கடலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். எங்களுக்கு மேற்கே மலை. கிழக்கே வயலும் எலுமிச்சைத் தோட்டமும். தண்ணீர் என்றதும் எங்கள் மக்களுக்கு நினைவுக்கு வருவது குற்றாலம்தான். சாரல் விழத் தொடங்கினால் போய் அருவிக்கடியில் தலையைக் கொடுத்து நிற்போம். தண்ணீர்தான் மேலிருந்து எங்களைத் தேடி இறங்கி வரும். நாங்கள் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போகிறவர்கள் அல்லர். ஆனால் இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு சீமோனைக் கரையோரத்தில் நிற்க விடவில்லை. படகை ஆழமான இடத்துக்குக் கொண்டு போகச் சொல்கிறார். அந்த ஆழம் எப்படிப்பட்டது என்பதை எனக்கு விளக்கியவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர்.

அவர் மாலத்தீவில் வேலை பார்க்கிறார். சமையல் உதவியாளராகப் போனவர், பயிற்சி பெற்று, இப்போது கடலுக்குள் மூழ்கிப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் துணையாகப் போகிறார். கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒரு மாலை முழுவதும் பங்கு இல்லத் திண்ணையில் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிச் சொன்னார்.

அது ஒரு பெரிய படகு. பயணிகள் ஒரு வாரம் அதிலேயே தங்குவார்கள். அதிலேயே சாப்பாடு, அதிலேயே உறக்கம். தீவுக் கூட்டம் விட்டுத் தீவுக் கூட்டமாகப் படகு நகர்ந்துகொண்டே இருக்கும். கூடவே ஒரு சிறு படகும் வரும். காற்றடைத்த சிலிண்டர்களும், காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசர் இயந்திரமும் அதில்தான் இருக்கும். அந்தச் சிறு படகுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? தோணி! நம் சொல்லேதான், உச்சரிப்பில் சற்றே வேறுபாடு. ஒரு நாளைக்கு மூன்று முறை, சில நாள்களில் இரவிலும் ஒரு முறை, அந்தத் தோணியிலிருந்து கடலுக்குள் இறங்குவார்களாம்.

மாலத்தீவு என்பது சுமார் 1,200 சிறு தீவுகள். அவை வளையம் வளையமாக, 26 கூட்டங்களாக அமைந்திருக்கின்றன. இத்தகைய பவள வளையத்தை உலகம் 'அட்டோல்' என்று அழைக்கிறது. அந்தச் சொல்லே மாலத்தீவு மக்களின் திவேஹி மொழியிலிருந்து போனதுதான். நம் நாட்டின் இலட்சத்தீவும் இத்தகைய பவளத் தீவுகளே. இந்த வளையம் எப்படி உருவாகிறது என்பதற்கு, 1842இல் சார்லஸ் டார்வின் ஒரு விளக்கம் தந்தார். கடலுக்கு நடுவே ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது. அதைச் சுற்றிப் பவள உயிர்கள் வளர்கின்றன. மலை பல பத்து இலட்சம் ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவள உயிர்களுக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே மலை அமிழ அமிழ, அவை மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வருகின்றன. கடைசியில் மலை மறைந்துபோகிறது; அதைச் சுற்றி நின்ற வளையம் மட்டும் நிற்கிறது. 1952இல் பசிபிக் கடலில் எனிவெடோக் என்ற பவள வளையத்தில் துளையிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்புக்கு அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. இந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

தண்ணீருக்கு அடியில் பேச முடியாது. எல்லாம் சைகைதான். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினால், நான் நலம் என்று பொருள். கையை விரித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டினால், ஏதோ சரியில்லை என்று பொருள். இதையெல்லாம் செய்து காட்டிக்கொண்டே வந்தவர், கட்டை விரலை உயர்த்திக் காட்டி, "சாமி, இதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க பாப்போம்?" என்றார்.

"இது தெரியாதா? எல்லாம் நல்லா இருக்கு என்று அர்த்தம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "கரையில அப்படித்தான் சாமி. தண்ணிக்குள்ள இதைக் காட்டுனா, 'என்னை மேல கூட்டிட்டுப் போ'ன்னு அர்த்தம். யார் காட்டுனாலும் சரி, ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. உடனே அவர் கூட மேல வரணும்."

அன்பார்ந்தவர்களே, எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அந்த விரல் எனக்குப் பழக்கமான விரல்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு விவசாயி இருந்தார். என்னைவிட மூத்தவர், அவரை நான் அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். கிணறு வற்றியதால் ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர் இல்லை. இன்னோர் இடத்தில் போட்டார். அங்கும் இல்லை. எல்லாம் வட்டிக்கு வாங்கிய பணம். வீட்டில் மகளுக்குத் திருமணப் பேச்சு. இதில் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு ஞாயிறாக அவரைத் திருப்பலியில் காணவில்லை என்பதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன்: "அண்ணாச்சி, கோவிலில் பார்க்க முடியவில்லையே, எல்லாம் நலமா?" பதிலாக உயர்த்திய கட்டை விரல் ஒன்று வந்தது. எங்கள் பங்கில் திருவிழா வேலை நடந்துகொண்டிருந்த நேரம். 'சரி, நலமாக இருக்கிறார்' என்று எண்ணிக் கைப்பேசியை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் அவருடைய துணைவியார் அழைத்தார். அண்ணாச்சி தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளத் துணிந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்த நேரத்தில் அந்த வழியே வந்ததால் காப்பாற்றப்பட்டார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கையில் கைப்பேசி. அதில் அந்தக் கட்டை விரல். அவர் வீட்டுக்கும் பங்கு இல்லத்துக்கும் இடையே நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் அந்தப் பத்து நிமிடம் நடக்கவில்லை.

இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டது அன்று. அண்ணாச்சி அறிந்து, அனுமதி தந்து, நான் சொல்வது. "சொல்லுங்க சாமி. இதைக் கேட்டு ஒருத்தன் வீடு திரும்புனாப் போதும்" என்றார்.

இன்றைய நற்செய்தியில் நாம் வழக்கமாகக் கவனிக்காமல் கடந்துபோகும் வசனம் ஒன்று உண்டு. வலை கிழியும் அளவுக்கு மீன் கிடைத்ததும் சீமோனும் உடன் இருந்தவர்களும் என்ன செய்தார்கள்? மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டினார்கள். ஆம், சைகை! கூட்டாளிகளும் வந்தார்கள். அவர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால், அல்லது பார்த்துவிட்டு 'சீமோன் நமக்குக் கையசைத்து வாழ்த்துச் சொல்கிறான்' என்று நினைத்துத் திரும்பிப் போயிருந்தால், அந்தப் பெரிய மீன்பாடே அந்தப் படகை அமிழ்த்தியிருக்கும். நற்செய்தியாளர் லூக்கா இரண்டு படகுகளும் அமிழும் நிலையில் இருந்தன என்றுகூட எழுதுகிறார். உதவிக்கு வந்தவர்களும் சுமையில் பங்கேற்றார்கள். ஆண்டவர் செய்த புதுமையைத் தனி ஒருவரால் கரை சேர்க்க முடியவில்லை. அப்படியிருக்க, ஒரு மனிதரின் துயரத்தை அவர் மட்டும் எப்படிக் கரை சேர்ப்பார்?

அந்தப் படகில் ஒரு சட்டம் உண்டாம்: ஒருவரும் தனியே இறங்கக் கூடாது. ஆளுக்கொரு கூட்டாளி. இறங்கும் முன் ஒருவருடைய கருவிகளை மற்றவர் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். முதுகில் இருக்கும் சிலிண்டரில் இருப்பது பலர் நினைப்பதுபோல் ஆக்சிஜன் அன்று; பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதிலிருந்து மூச்செடுக்க ஒவ்வொருவரிடமும் இரண்டு வாய்க்குழாய்கள் இருக்கும். ஒன்று தனக்கு. மஞ்சள் நிறத்தில் மார்புப் பக்கம் தொங்கும் மற்றொன்று கூட்டாளிக்கு. அவருடைய காற்று தீர்ந்துவிட்டால் என் காற்றிலிருந்து அவர் மூச்செடுக்கலாம். ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்கிக்கொள்வதே கிறிஸ்துவின் சட்டத்தை நிறைவேற்றுவது என்று திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதியதை (6:2) விளக்க, இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இது வெளிநாட்டார் கண்டுபிடித்த பாடமும் அன்று. நம் தூத்துக்குடிக் கடலில், 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து பணியாற்றிய அந்த முத்துக்குளித்துறையில், சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கல்லில் கால் வைத்து இறங்குபவர் ஒருவர். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் ஒருவர். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தன் அக்கா தங்கை தாலி அறுக்க எந்த மைத்துனன் சம்மதிப்பான்? நம் மலைப் பக்கத்திலும் பாறை இடுக்கில் மலைத்தேன் எடுக்க இறங்குபவரின் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடலானாலும் மலையானாலும் நம் முன்னோர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவன் திரும்பி வராவிட்டால் அழப்போகிறவன் யார்? அவன் கையில் கயிற்றைக் கொடு.

கூட்டாளியை மேலே கொண்டு வருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே நம் உடல்மீதுள்ள அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிறது. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. மாலத்தீவில் சுற்றுலாப் பயணிகள் அதற்குக் கீழே போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த அழுத்தத்தில், மூச்சில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. மேலே வேகமாக வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல, அது உடலுக்குள் குமிழ்களாகக் கிளம்பும். மூட்டுவலி, முடக்குவாதம், சில நேரம் சாவுகூட நேரலாம். ஆகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. மேற்பரப்புக்கு ஐந்து மீட்டர் இருக்கும்போது, தலைக்கு மேல் வெளிச்சம் தெரியும்போது, அங்கேயே மூன்று நிமிடம் நிற்க வேண்டும். கரைக்கு வந்த பிறகும், விமானம் ஏறக் குறைந்தது பதினெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் நாங்கள் என்ன செய்தோம்? கூட்டம் கூட்டமாகப் போனோம். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றோம். "பிள்ளைகளை நினைச்சுப் பாத்தீங்களா?" என்றோம். "இனி தைரியமா இருக்கணும்" என்றோம். நானும் ஒரு சிறு மறையுரையே ஆற்றினேன். எல்லாம் அன்பினால்தான். ஆனால் ஆழத்திலிருந்து ஒருவரை ஒரே இழுப்பில் மேலே இழுத்த செயல் அது. அவர் இன்னும் உள்ளே ஒடுங்கிப் போனார்.

அவரைக் கரைக்குக் கொண்டு வந்தவர் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் நம் சபையைச் சேர்ந்தவர்கூட அல்லர். தினமும் மாலையில் ஒரு தூக்குவாளியில் டீ வாங்கி வருவார். வரப்பில் இருவரும் உட்கார்ந்து குடிப்பார்கள். மழை பெய்யுமா, மாட்டுக்குத் தீவனம் இருக்கிறதா என்று ஏதாவது பேசுவார். சில நாள் எதுவும் பேசமாட்டார். மூன்று மாதம் இப்படியே. அவருக்குக் கடலும் தெரியாது, நைட்ரஜனும் தெரியாது. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இறைவாக்கினர் எலியாவுக்கும் இதுவே நடந்தது (1 அரசர் 19). பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்டவர் அவர். இறைவாக்கினருக்கே அப்படி ஒரு நாள் வந்தது என்பதைத் திருவிவிலியம் மறைக்கவில்லை. ஆண்டவருடைய தூதர் வந்து அவரைக் கண்டித்தாரா? இல்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார். தூதர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடியும் வந்து தொட்டு எழுப்பி, மறுபடியும் உணவு தந்தார். அதன் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குச் சென்றார். கடவுளே தம் அடியாரை மெல்லத்தான் மேலே கொண்டு வந்தார் என்றால், நமக்கு என்ன அவசரம்?

திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையில் நம் ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று சொல்கிறோம். பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவே இருக்கும் அந்தப் புனித சனி நாளின் மறைபொருள் அது. மனிதர் போகக்கூடிய கடைசி ஆழம் எதுவோ, அங்கேயும் அவர் போயிருக்கிறார். எனவே கடவுள் இல்லாத ஆழம் என்று ஒன்று இல்லை. இன்றைய நற்செய்தியில் பேதுரு, 'நான் பாவி, என்னை விட்டுப் போய்விடும்' என்னும் பொருள்படக் கெஞ்சுகிறார். துயரத்தின் அடியில் இருப்பவர்களும் நம்மிடம் அதைத்தான் சொல்கிறார்கள்: என்னைத் தனியாக விடுங்கள். ஆண்டவர் போகவில்லை. அஞ்சாதே என்று சொல்லி, அதே படகில் அவரோடு கரைக்கு வந்தார்.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் நாம் செய்ய வேண்டியவை என்று மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கட்டை விரலை நம்பாதீர்கள். கோவிலில் தொடர்ந்து காணாத ஒருவர், கடைத்தெருவில் முகம் திருப்பிக்கொண்டு போகும் ஒருவர், சாப்பாட்டை ஒதுக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை: இவர்களிடம் நலமா என்று ஒரு முறை கேட்டு நிறுத்தாதீர்கள். நடந்து போய், உட்கார்ந்து, இரண்டாவது முறை கேளுங்கள். உண்மையான பதில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் வரும்.

இரண்டாவது, நம் அன்பியங்கள். மூழ்கும் மலையைச் சுற்றி வளையமாக நின்று அலையைத் தாங்கும் பவள உயிர்களைச் சொன்னேனே, அவை ஒவ்வொன்றும் கடுகளவே. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதுதான் அவற்றின் பலம். அண்ணாச்சியின் அன்பியத்தில் நான்கு பேர், காலம் வந்தபோது, அவரோடு உட்கார்ந்து கடன் கணக்கை ஒரு நோட்டில் எழுதினார்கள். யாரிடம் எவ்வளவு, எதை முதலில் அடைப்பது, எந்த வட்டிக்காரரிடம் யார் கூடப் போவது என்று பிரித்துக்கொண்டார்கள். கடன் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த நோட்டை அதன் பிறகு அவர் தனியாகத் திறக்கவில்லை.

மூன்றாவது, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவருக்கு. நீங்கள் இப்போது ஆழத்தில் இருக்கிறீர்கள் என்றால், கடலில் மூழ்குபவருக்குக் கற்றுத் தரும் முதல் பாடத்தைச் சொல்கிறேன்: ஒருபோதும் மூச்சை அடக்காதே. மேலே வரும்போது நெஞ்சில் அடக்கி வைத்த காற்று விரிந்துகொண்டே போகும். அதுவே நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை விட்டுக்கொண்டேதான் மேலே வர வேண்டும். நெஞ்சில் அடைத்து வைத்திருப்பதை இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மனைவியிடம், கணவரிடம், நண்பரிடம், உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் கதவைத் தட்டுங்கள். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை என்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவு அன்று. எலியாவுக்கு அப்பத்தை அனுப்பிய கடவுள்தான் நமக்கு மருத்துவரையும் அனுப்புகிறார்.

இப்படி ஒருவரை ஏற்கெனவே இழந்துவிட்ட குடும்பங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்குத் திருஅவையின் மறைக்கல்வி நூல் (2283) சொல்வதை நினைவூட்டுகிறேன்: தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பைத் தர வல்லவர், திருஅவை அவர்களுக்காகச் செபிக்கிறது. நம் கையிலிருந்து நழுவிய கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க, பாதாளம்வரை இறங்கிய ஒருவர் இருக்கிறார்.

அண்ணாச்சியை அண்மையில் அவருடைய மகளின் திருமணத்தில் பார்த்தேன். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சாம்பார் வாளியை வைத்துவிட்டு வந்து, "சாமி, நல்லா இருக்கேன்" என்றார். நான் பக்கத்தில் உட்காரச் சொல்லி மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நெசமாத்தான் சாமி" என்றார்.

செபிப்போம். அன்பு இறைவா, ஆழத்தில் இருந்து எழும் குரலைக் கேட்பவரே, சொல்ல முடியாமல் தவிப்பவர்களின் சைகைகளைப் புரிந்துகொள்ளும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் கையில் நீர் கொடுத்திருக்கும் கயிறுகளை நாங்கள் கைவிடாதிருக்கச் செய்யும். ஆழத்தில் இருப்பவர்களை மெல்ல, பொறுமையோடு, உம் ஒளிக்கு அழைத்து வர எங்களுக்குத் துணை செய்யும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.